ஃபேன்சி தங்கமீன்களின் நோய்க்குறிகள்: எதைக் கண்டால் எங்கே தேடுவது

ஒரண்டா, ரியூக்கின், ரான்சு, பேர்ல்ஸ்கேல் என்று கடைகளில் விற்கப்படும் உருண்டை உடல் தங்கமீன்கள் யாவும், சீனத்து நீர்நிலைகளில் வாழ்ந்த சாதாரணக் கெண்டை வகை மீனொன்றிலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. அந்தத் தேர்வில் முதுகெலும்பு குறுகியது, வயிறு உருண்டது, நீண்ட குடலும் இரண்டு அறைகள் கொண்ட காற்றுப்பையும் சிறிய இடத்துக்குள் நெருக்கிக்கொண்டன. இவற்றுக்கு இரைப்பை கிடையாது. தின்பதும் அதிகம், கழிவதும் அதிகம். எனவே மற்ற மீன்கள் தாங்கிக்கொள்ளும் சிறு தவறுகளைக்கூட இவை உடலில் காட்டிவிடும். அப்படிக் காட்டப்படும் அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைத் தேடுவோருக்காக இதை எழுதுகிறேன்.

மருந்துப் புட்டியைத் தொடுமுன்

மீன் சோர்ந்திருக்கிறது என்று கடையில் சொன்னால் பெரும்பாலும் ஒரு நீலத் திரவத்தையோ மஞ்சள் பொடியையோ கையில் கொடுத்து அனுப்புவார்கள். அந்த நீலத் திரவம் பொதுவாக மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கு அது பயன்படும் என்பது உண்மை; ஆனால் தொட்டியின் ஃபில்டரில் குடியிருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாவையும் அது அழிக்கும். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியா நீரில் ஏறியதால் சோர்ந்த மீனுக்கு அதை ஊற்றினால், அம்மோனியாவைக் குறைக்கும் இயற்கை வழியையும் நாமே அடைத்துவிட்டவர்களாவோம். வீட்டுத் தொட்டிகளில் நான் பார்த்த நோய்களில் பெரும்பாலானவை நீரில் தொடங்கியவை என்பதால், எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை நீரைச் சோதிப்பதுதான். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் ஆகிய நான்கையும் அளக்கும் துளிச் சோதனைப் பெட்டி ஒன்றும், ஒரு வெப்பமானியும் வீட்டில் இருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே இருப்பது நல்லது.

தொட்டியில் எத்தனை லிட்டர் நீர் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் உப்பும் மருந்தும் லிட்டர் கணக்கில்தான் அளக்கப்படுகின்றன. நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் எண்ணை 28.3 ஆல் மீண்டும் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 56 லிட்டர்தான் பிடிக்கும். முதல் மீனுக்கு 75 லிட்டர், கூடுதலாக வரும் ஒவ்வொரு மீனுக்கும் 40 லிட்டர் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. இரண்டடித் தொட்டியில் நான்கு ஒரண்டாக்களை விட்டிருப்பவர், கீழே வரும் பகுதிகளில் பெரும்பாலானவற்றை என்றாவது ஒருநாள் தேடி வர நேரிடும்.

மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் இப்படிச் செய்கின்றனவா, ஒன்று மட்டும் செய்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். எல்லாம் செய்தால் குறை நீரில் இருக்கிறது. ஒன்று மட்டும் செய்தால் அந்த மீனின் செவுளைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெப்பம். தங்கமீனுக்கு உகந்தது 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை. சென்னையிலும் மதுரையிலும் கோடையில் தொட்டி நீர் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடுகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். அதே வெப்பத்தில் மீனின் உடல் கூடுதலான ஆக்சிஜனைக் கேட்கிறது. இரண்டாவது ஏர் பம்ப் ஒன்றைப் பொருத்தி, மூடியைத் திறந்து வைத்து, நீரின் மேற்பரப்பை நோக்கி மேசை விசிறி ஒன்றை ஓடவிட்டால் ஓரிரு டிகிரி குறையும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் விசிறியின் பயன் குறைவு. அங்கே உறையவைத்த நீர்ப் புட்டியை மூடியோடு மிதக்கவிடலாம். ஒரே நேரத்தில் நான்கைந்து புட்டிகளைப் போட்டு வெப்பத்தைச் சட்டென இறக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி இறங்கினால் போதும்.

வெப்பம் சரியாக இருந்தால் அம்மோனியாவைச் சோதியுங்கள். புதிய தொட்டியில் முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை இது ஏறியே தீரும், ஏனெனில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர அவ்வளவு காலம் பிடிக்கிறது. பழைய தொட்டியில் திடீரென ஏறினால், கடந்த இரண்டு மூன்று நாட்களில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் பிழிந்து கழுவியிருப்போம். குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றிருக்கும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். அல்லது மின்தடை பல மணி நேரம் நீடித்திருக்கும். ஓட்டம் நின்ற ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா மடிகிறது. குறிப்பாக மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் தேங்கிய நீர் அழுகிவிடும் என்பதால், மின்சாரம் திரும்பியதும் அதை அப்படியே ஓடவிடாமல், உள்ளிருக்கும் நீரைக் கொட்டிவிட்டுப் பின்னர் இயக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு இணைத்து வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அம்மோனியாவின் நச்சுத்தன்மை பிஎச் அளவைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ அரை விழுக்காடுதான் செவுளைத் தாக்கும் வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது ஐந்து விழுக்காட்டைத் தாண்டும். நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர், பிஎச்சும் உயர்ந்தது. ஆகவே இங்கே 0.5 பிபிஎம் அம்மோனியாவைக்கூடச் சிறிது என்று விட்டுவிடக் கூடாது. அன்றே பாதி நீரை மாற்றுங்கள், உணவை நிறுத்துங்கள், மறுநாள் மீண்டும் அளந்து தேவைப்பட்டால் மீண்டும் மாற்றுங்கள். ஒரு வாரம் உண்ணாமல் இருப்பதால் வளர்ந்த தங்கமீன் எதுவும் சாகாது.

அம்மோனியா சுழியமாகி நைட்ரைட் ஏறியிருந்தால், அது இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்து இரத்தத்தைப் பழுப்பாக்குகிறது. நீரில் எவ்வளவு காற்று இருந்தாலும் மீன் மூச்சுத் திணறும். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பைக் கரைத்துச் சேர்த்தால், உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. நீரை மாற்றுவதும் தொடர வேண்டும்.

ஒரே ஒரு மீன் மட்டும் திணறுகிறது, அல்லது ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சுவிடுகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத செவுள் தட்டைப்புழுக்களைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றுக்கு உப்பு போதாது. பிராசிகுவான்டெல் என்னும் மருந்து லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் என்ற அளவில் பயன்படுகிறது. செவுளில் வாழும் வகை முட்டையிடுவது. முட்டைகளை மருந்து தொடுவதில்லை. ஒருமுறை போட்டுவிட்டு மீன் தேறிவிட்டது என்று நிறுத்துபவர்களின் தொட்டியில் அது திரும்பி வருவதற்குக் காரணம் இதுதான். ஒரு வார இடைவெளியில் குறைந்தது இன்னும் ஒருமுறை போட வேண்டும்.

நீரை மாற்றிய சில மணி நேரத்தில் துடிக்கின்றன

மாநகராட்சிக் குழாய் நீரிலும் லாரி நீரிலும் குளோரின் இருக்கலாம். கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கப்படும் சோடியம் தயோசல்பேட் அதை நொடியில் நீக்கும். இல்லையெனில் வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒருநாள் வைத்திருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை என்றாலும், நிலத்தடியிலிருந்து வந்த உடனே அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கும். அதையும் ஓர் இரவு காற்றேற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கோடை நண்பகலில் பிடிக்கும் நீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும் என்பதையும் மறக்கலாகாது. அதிகாலையில் பிடித்து வைப்பதே பாதுகாப்பு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மீன்கள் துடித்தால், பலரும் யோசிக்காத காரணம் ஒன்று உண்டு. குடிப்பதற்கு உகந்த நீர் மீனுக்கும் உகந்தது என்று எண்ணிச் சிலர் ஆர்ஓ நீரை மட்டுமே ஊற்றுகிறார்கள். அந்த நீரில் பிஎச் அளவைத் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட் உப்புகள் ஏறக்குறைய இல்லை. ஃபில்டரின் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் பிஎச் மெல்ல ஆறுக்கும் கீழே சரிகிறது. அந்த நிலையில் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேரும், ஆனால் குறைந்த பிஎச்சில் அது நஞ்சாக மாறாமல் உறங்கும். பிறகு நாம் நல்லெண்ணத்தோடு பாதி நீரைக் கிணற்று நீரால் மாற்றுகிறோம். பிஎச் எட்டை நோக்கி ஏறுகிறது, சேர்ந்திருந்த அம்மோனியா முழுவதும் விழித்துக்கொள்கிறது. என் முதல் ஒரண்டா ஜோடியை நான் இழந்தது இப்படித்தான். நீரை மாற்றாமல் இருந்ததால் செத்தன என்றுதான் அப்போது நெடுநாள் நினைத்திருந்தேன். நெடுநாள் கவனிக்கப்படாத தொட்டியில் நீரை மாற்றும்போது நாளுக்குப் பத்து விழுக்காடு என்று ஒரு வாரம் மாற்றுங்கள். ஆர்ஓ நீரைத்தான் பயன்படுத்த முடியும் என்றால் கிணற்று நீரைப் பாதியளவு கலந்துகொள்ளுங்கள். அதுவும் இல்லையெனில் 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துச் சேர்த்தால் பிஎச் சரியாமல் நிற்கும்.

தலைகீழாக மிதக்கிறது, அல்லது அடியில் கிடக்கிறது

உருண்டை உடல் மீன்களில் மிகவும் அதிகமாகக் கேட்கப்படும் குறை இது. இதற்குக் காற்றுப்பை நோய் என்று ஒரே பெயரைச் சூட்டிவிடுவது வழக்கம் என்றாலும், காரணங்கள் பலவாக இருக்கின்றன, மருத்துவமும் அதற்கேற்ப மாறுகிறது.

உணவிட்ட அரைமணிக்குள் மிதக்கத் தொடங்கி, மாலைக்குள் தானே சரியாகிவிடுகிறது என்றால் குறை உணவில் இருக்கிறது. மிதக்கும் குருணையை மேற்பரப்பில் கவ்வும்போது காற்றையும் விழுங்குகிறது. உலர்ந்த குருணை குடலுக்குள் போய் ஊறிப் பருக்கிறது. பருத்த குடல் காற்றுப்பையை அழுத்துகிறது. மூழ்கும் குருணைக்கு மாறி, அதையும் சில நிமிடங்கள் நீரில் ஊறவைத்துப் போடுங்கள். நாளைக்கு ஒருமுறை நிறையப் போடுவதை விட மூன்று முறை சிறிது சிறிதாகப் போடுவது நல்லது. மிதக்கும் மீனை இரண்டு நாள் பட்டினி போட்டு, மூன்றாம் நாள் தோல் நீக்கிய வேகவைத்த பட்டாணியை நசுக்கிக் கொடுக்கலாம். பட்டாணி மலச்சிக்கலைத்தான் தீர்க்கும். அதற்கு மேற்பட்ட ஆற்றலை அதன்மேல் ஏற்றிச் சொல்வதை நான் ஏற்பதில்லை. நன்றாகத் தேறிய மீனுக்கும் வாரத்தில் இரண்டு நாள் வெந்த கீரையோ பட்டாணியோ கிடைப்பது நலம்.

உணவோடு தொடர்பில்லாமல் நாள் முழுவதும் மிதந்தால் நீரைச் சோதியுங்கள். நைட்ரேட் 80, 100 என்று ஏறிய தொட்டிகளில் மிதந்துகொண்டிருந்த ரியூக்கின்கள், நீரைத் தொடர்ந்து மாற்றியதும் தேறியதைப் பலமுறை கண்டிருக்கிறேன். குளிர்காலத்தில் இரவும் பகலும் வெப்பம் ஏறி இறங்கும் வீடுகளில், நீரை 24 டிகிரியில் நிலைநிறுத்தினால் சில மீன்கள் நிமிர்கின்றன. எதற்கும் அசையாமல் வாரக்கணக்கில் மிதக்கும் மீனுக்கு, பெரும்பாலும் உடலமைப்பே குறையாக இருக்கும். அல்லது காற்றுப்பையில் நீரோ தொற்றோ சேர்ந்திருக்கும். நீருக்கு வெளியே தெரியும் வயிற்றுப்பகுதி உலர்ந்து புண்ணாகும் என்பதால், நீர்மட்டத்தைத் தாழ்த்தி, நீரோட்டத்தைக் குறைத்து, உணவைக் கையால் ஊட்டினால் இத்தகைய மீன்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. உண்ணுகிற வரை அவற்றைக் கைவிட வேண்டியதில்லை.

அடியில் கிடக்கும் மீன் துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் அது மிதப்புக் குறையல்ல. நீரின் நஞ்சோ ஒட்டுண்ணியோ காரணம். துடுப்பை விரித்தபடி, எழ முயன்று எழ முடியாமல் விழுந்தால் மட்டுமே காற்றுப்பையைச் சந்தேகியுங்கள்.

வெள்ளைப் புள்ளிகள், தொட்டியில் உடலை உரசுதல்

உப்புத் தூள் தூவியதுபோல் உடலிலும் வாலிலும் புள்ளிகள் வந்து, மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உரசினால் அது வெண்புள்ளி நோய். புதிய மீன் வந்த ஒரு வாரத்துக்குள்ளோ, மழைக்காலத்தில் நீர் குளிரும்போதோ பெரும்பாலும் தோன்றும். புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை எந்த மருந்தும் எட்டாது. அது முதிர்ந்து விழுந்து, பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும் பருவத்தில்தான் கொல்ல முடியும். லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு என்பது இலக்கு. அதை ஒரே தடவையில் போடாமல், 12 மணி நேரத்துக்கு ஒரு கிராம் வீதம் மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை, எனவே மாற்றிய நீருக்கு மட்டும் ஈடு செய்யுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் உப்பு இருக்கட்டும். செடிகள் இருந்தால் முன்கூட்டியே வேறிடம் மாற்றிவிடுங்கள்.

உரசுகிறது, புள்ளி இல்லை என்றால் தோல் தட்டைப்புழுக்களையும், மீண்டும் அம்மோனியாவையும் பாருங்கள். செதிலிடையே சிறு நூல் தொங்கி, அதன் அடியில் சிவந்திருந்தால் அது நங்கூரப்புழு. ஒளி ஊடுருவும் தட்டையான சிறு வட்டு உடலில் ஒட்டி நகர்ந்தால் அது மீன் பேன். குளத்தில் வளர்க்கப்பட்டு வரும் மீன்களில் இவை இரண்டும் சாதாரணம். நங்கூரப்புழுவை ஈரத்துணியில் மீனைப் பிடித்து, இடுக்கியால் அதன் அடிப்பகுதியைப் பற்றி மெல்ல இழுத்து எடுத்து, புண்ணில் பொவிடோன் அயோடின் தொட்டு வைக்கலாம். செவுளில் அது படக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் நீரில் இருக்கும் என்பதால் டைஃப்ளூபென்சுரான் போன்ற மருந்தும் தேவைப்படும். சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் வாங்கினாலும் உங்கள் தெருமுனையில் வாங்கினாலும், புதிய மீனை மூன்று நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடான மருந்து வேறில்லை.

வாலும் துடுப்பும் நைந்துபோகின்றன

நேரான கிழிசல், ஓரம் தெளிவாக இருக்கிறது என்றால் கூரிய கல்லோ பிளாஸ்டிக் செடியோ காரணம். சுத்தமான நீரில் தானே வளரும். ஓரம் பால்போல் வெளுத்து, உள்நோக்கி நாளுக்கு நாள் கரைந்தால் பாக்டீரியாத் தொற்று. தினமும் கால்பங்கு நீரை மாற்றி, லிட்டருக்கு ஒரு கிராம் உப்பிட்டு ஒரு வாரம் பாருங்கள். தொடக்க நிலையில் இதுவே போதும். வாயிலும் முதுகிலும் சாம்பல் நிறப் பஞ்சுபோல் படர்ந்து ஓரிரு நாளிலேயே பரவினால் அது காலம்னாரிஸ் என்னும் வேறு பாக்டீரியா. வெப்பத்தில் அது விரைந்து பெருகும் என்பதால், வெண்புள்ளிக்குச் சிலர் செய்வதுபோல் ஹீட்டரைக் கூட்டினால் மீன் போய்விடும். அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவை. மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தனித் தொட்டியில் கொடுங்கள்.

வாய் திறந்தபடியே நிற்கிறது

நேற்று வரை நன்றாக இருந்த மீன் வாயை மூடாமல், உணவைத் தேடியும் விழுங்க முடியாமல் நின்றால், கூழாங்கல் ஒன்று வாய்க்குள் சிக்கியிருக்கலாம். தங்கமீன் அடிமண்ணைக் கவ்விச் சலித்துத் துப்பும் பழக்கமுடையது. மீனை ஈரக்கையில் தலை கீழ்நோக்கும்படி பிடித்து, தொண்டையின் அடியிலிருந்து வாயை நோக்கி விரலால் மெல்ல நீவினால் பெரும்பாலும் கல் வெளியே வந்துவிடும். பிறகு அந்தக் கற்களை எடுத்துவிட்டு மென்மணலையோ, வாய்க்குள் நுழையவே முடியாத பெரிய கற்களையோ போடுங்கள். ஒன்றும் போடாத வெறும் கண்ணாடித் தரையும் நல்லதுதான்.

செதில்கள் சிலிர்த்து நிற்கின்றன

மேலிருந்து பார்க்கும்போது வயிறு வீங்கி, செதில்கள் பலாப்பழத்து முள்போல் விரிந்திருந்தால், சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் சேர்கிறது என்று பொருள். இது தனி நோயல்ல, பல நோய்களின் கடைசிக் கட்டம். உடனே தனித் தொட்டிக்கு மாற்றி, தூய நீரும் மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாட்டிக் கலந்த உணவும் கொடுத்தால் சில மீன்கள் மீள்கின்றன, பெரும்பாலானவை மீள்வதில்லை. பேர்ல்ஸ்கேல் மீனின் செதில் இயல்பாகவே முத்துப்போல் புடைத்திருக்கும் என்பதை அறியாமல் அஞ்சுவோரும் உண்டு. புடைப்பு செதிலின் நடுவில் இருந்தால் இயல்பு. செதிலின் ஓரம் உடலைவிட்டு எழும்பினால் நோய். உண்பதையும் நிறுத்திப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மீனை நாட்கணக்கில் அவ்வாறே விட்டுவைப்பது கொடுமை. கிராம்பு எண்ணெயை லிட்டருக்கு அரை மில்லி என்ற அளவில் வெதுவெதுப்பான நீரில் குலுக்கிக் கரைத்துத் தனிப் பாத்திரத்தில் சேர்த்தால் மீன் உறங்கி அடங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரைமணி நேரம் அதிலேயே விடுங்கள்.

நோயல்லாத மாற்றங்கள்

அம்மோனியாவால் புண்பட்ட மீன் தேறி வரும்போது உடலில் கரும்புகை படிந்தாற்போன்ற திட்டுகள் தோன்றும். அவை ஆறும் தோலின் அடையாளம்; சில வாரங்களில் மறையும். பிளாக் மூர் என்னும் கருநிற வகை வளர வளரச் செம்பு நிறமாவதும், செம்மஞ்சள் மீன் மெல்ல வெளுப்பதும் பிறவி இயல்பு. ஒரண்டாவின் தலைக் கொண்டை வளரும் காலத்தில் அதன் மடிப்புகளில் வெண்மையான தடிப்புகள் வரலாம். பஞ்சுபோல் இழையோடாத வரை அதைச் சுரண்டாதீர்கள். நீர் பச்சையாவதும் மீனுக்குத் தீங்கல்ல. ஜப்பானில் ரான்சு வளர்ப்போர் பச்சை நீரை விரும்பியே பேணுகின்றனர்.

செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக வெண்முத்துகள் இருந்தால், அது வெண்புள்ளி நோயல்ல. ஆண் மீன் பருவமடைந்திருக்கிறது. அடுத்த சில நாட்களில் விடியற்காலையில் அது பெண் மீனின் வயிற்றை முட்டி முட்டித் துரத்துவதைக் காணலாம். சண்டை என்று எண்ணி இதை நிறுத்தப் பலர் மருந்து கேட்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்து ஒரே பெண்ணைக் களைக்கும் வரை துரத்தினால் மட்டும் அந்தப் பெண் மீனைத் தனியே எடுங்கள். துரத்தல் முடிந்ததும் செடிகளிலும் ஸ்பாஞ்சிலும் கடுகை விடச் சிறிய, தேன்நிற முட்டைகள் ஒட்டியிருக்கும். பெற்றோரே அவற்றைத் தின்றுவிடும் என்பதால், குஞ்சுகள் வேண்டுமென்றால் முட்டை ஒட்டிய செடியை அதே தொட்டி நீர் நிரப்பிய வேறொரு பாத்திரத்துக்கு அன்றே மாற்றிவிடுங்கள். 22 டிகிரியளவில் நான்கைந்து நாட்களில் பொரிக்கும்.